பலெர்மோவில் ரோபோ வழி அறிவியல் கல்வி: வகுப்பறையில் நிகழும் மாற்றமும் தமிழ்ப் பிள்ளைகளின் எதிர்காலமும்

இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகரம் பலெர்மோ. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இந்த நகரம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் அறிமுகமானது. ஒன்று, 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கு குடியேறிய இலங்கைத் தமிழர்கள். மற்றொன்று, பெல்லெக்ரீனோ மலை மீதுள்ள புனித ரோசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவத் தமிழர்களும் மலையேறிச் சென்று வழிபடும் வழக்கம்.

அதே நகரம் ரோபோக்கள் பற்றிய ஆய்விலும் உலகின் கவனத்தை ஈர்த்த ஒன்று என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்து ஸ்டெம் கல்வி என்று அழைக்கிறார்கள். இந்தத் துறைகளின்பால் மாணவர்களை ஈர்க்க ரோபோக்களும் செயற்கை நுண்ணறிவும் எந்த அளவுக்கு உதவும் என்ற கேள்வி இத்தாலி முழுவதும் எழுந்துள்ளது. பள்ளிப் படிப்பை இடையில் கைவிடுவோர் அதிகமாக உள்ள சிசிலியில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

பழைய நகரம், நீண்ட மரபு

இயந்திரங்களின் மீதான ஆர்வம் பலெர்மோவுக்குப் புதிதல்ல. நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் தனது அரண்மனையில் 1142இல் ஒரு நீர்க்கடிகாரத்தை அமைத்தான். அதை அறிவிக்கும் கல்வெட்டு இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டு இன்றும் அங்கே காணக் கிடைக்கிறது. அதே அரசனின் ஆதரவில்தான் அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி தமது புகழ்பெற்ற உலக வரைபடத்தை 1154இல் நிறைவு செய்தார்.

1801 ஜனவரி முதல் நாள் இரவு, பலெர்மோ வானாய்வகத்தில் இருந்த ஜுசெப்பே பியாஸ்ஸி, இன்று குறுங்கோளாகக் கருதப்படும் சீரிஸைக் கண்டுபிடித்தார். 1937இல் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேரும் டெக்னீசியம் என்ற தனிமத்தை அடையாளம் கண்டனர். மனிதரால் செயற்கையாக உருவாக்கப்பட்ட முதல் தனிமம் அது.

இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், இன்றைய பலெர்மோவில் படித்த இளைஞர்கள் பலர் வேலை தேடி மிலான், தூரின் போன்ற வட நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். இத்தாலியில் 18 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் மேல்நிலைக் கல்வியை முடிக்காமல் படிப்பை விட்டவர்கள் 2023இல் ஏறத்தாழ 10.5 சதவீதம். சிசிலியில் அது 17 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2030க்குள் இந்த விகிதத்தை 9 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கு.

தனக்குத்தானே பேசிய ரோபோ

பலெர்மோ பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆய்வுக்கூடம் பேராசிரியர் அந்தோனியோ கெல்லாவின் தலைமையில் பல ஆண்டுகளாக இயங்கிவந்துள்ளது. 2000களின் நடுப்பகுதியில் இந்தக் குழு அக்ரிஜென்தோ நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் ரோபோ ஒன்றை இயக்கிக் காட்டியது. உரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் பெயரைத் தழுவி அதற்கு சிசெரோபோட் என்று பெயரிட்டனர்.

ஆனால் இந்த ஆய்வுக்கூடத்தை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்தது 2021 ஏப்ரலில் ஐசயன்ஸ் என்ற ஆய்விதழில் வெளியான கட்டுரையாகும். கெல்லாவும் அரியன்னா பிபிதோனேவும் பெப்பர் என்ற மனித உருவ ரோபோவுக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் திறனை அளித்தனர். உணவு மேசையை முறைப்படி அலங்கரிப்பது அதற்குத் தரப்பட்ட வேலை. ஒழுங்குமுறைக்கு மாறான இடத்தில் கைத்துணியை வைக்குமாறு மனிதர் சொன்னபோது, ரோபோ தனது தயக்கத்தையும் அதற்கான காரணத்தையும் உரக்கச் சொல்லி, பின்னர் ஒரு முடிவுக்கு வந்தது.

தன்னோடு பேசிக்கொண்ட ரோபோ, அவ்வாறு பேசாத ரோபோவைவிட அதிக முறை வேலையைச் சரியாக முடித்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது என்பது அதன் குறை. ஆனால் அருகில் இருப்பவருக்கு அந்த இயந்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்பது விளங்கியது.

இது கல்வியோடு நேரடியாகத் தொடர்புடைய கண்டறிதல். சிறு பிள்ளைகள் ஒரு வேலையைச் செய்யும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்வது சிந்தனை வளர்ச்சியின் ஒரு கட்டம் என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே விளக்கியிருந்தார். கணக்கின் விடையை மட்டும் சொல்லும் ஆசிரியரைவிட, விடைக்குச் சென்ற வழியையும் சொல்பவரிடம் மாணவர் அதிகம் கற்கிறார். வகுப்பறைக்கு வரும் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும்.

ரோபோ எதைக் கற்பிக்கிறது?

ரோபோ வழிக் கல்வி என்றதும் மனிதரைப் போன்ற இயந்திரம் ஒன்று கரும்பலகை முன் நின்று பாடம் நடத்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். நடைமுறையில் அது வேறு. பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்கள் கையடக்கமான சிறு இயந்திரத்தைத் தாமே பூட்டி, தாமே நிரல் எழுதி, தாமே இயக்கிப் பார்க்கிறார்கள். அங்கே கற்பிக்கப்படுவது இயந்திரம், கற்பிப்பவர் மாணவர்.

இந்தச் சிந்தனையின் மூலவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சீமோர் பேப்பர்ட். லோகோ என்ற நிரல்மொழியையும், அதன் ஆணைப்படி தரையில் நகர்ந்து கோடு வரையும் 'ஆமை'யையும் கொண்டு பிள்ளைகள் வடிவகணிதம் கற்கலாம் என்று அவரும் அவரது குழுவினரும் காட்டினர். இது பற்றி அவர் எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. அந்த நூலின் பெயரிலிருந்தே 1998இல் லெகோ நிறுவனம் தனது மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோத் தொகுப்புக்குப் பெயர் சூட்டியது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ரோபோவின் சக்கர விட்டம் 5.6 சென்டிமீட்டர். அது சரியாக ஒரு மீட்டர் தூரம் செல்ல வேண்டும். சக்கரம் எத்தனை முறை சுழல வேண்டும்? விட்டத்தை பையால் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர். நூறை அதனால் வகுத்தால் 5.7 சுற்றுகளுக்குச் சற்றுக் குறைவு. பாடநூலில் சலிப்பூட்டும் இந்தக் கணக்கு, ரோபோ கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதும்போது உயிர் பெறுகிறது.

கணக்கு சரியாக இருந்தும் ரோபோ ஓரிரு சென்டிமீட்டர் தவறி நிற்கும். ஏன்? தரை வழுக்குகிறது, மின்கலம் தளர்கிறது, சக்கரம் தேய்ந்திருக்கிறது. உராய்வும் அளவீட்டுப் பிழையும் இவ்வாறுதான் மாணவருக்கு அறிமுகமாகின்றன. முன்னால் உள்ள தடையை அறிய மீயொலி உணரியைப் பொருத்தினால் ஒலியின் வேகம் பாடமாகிறது. அறை வெப்பநிலையில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அது போய்த் திரும்பிய நேரத்தைப் பாதியாக்கி அந்த வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

இந்த முறையில் தவறு என்பது தண்டனைக்குரியதல்ல. நிரலில் எங்கே பிழை என்று தேடித் திருத்துவதே பாடம். மதிப்பெண்ணுக்கு அஞ்சிக் கணிதத்திலிருந்து விலகி நிற்கும் மாணவர்களை மீண்டும் அதனருகே கொண்டுவர உதவும் அம்சம் இதுவே என்று கல்வியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இத்தாலிய அரசின் திட்டங்கள்

கல்வித் தொழில்நுட்பத்தில் இத்தாலிக்குத் தனி இடம் உண்டு. உலகெங்கும் பள்ளிகளிலும் வீடுகளிலும் பயன்படும் ஆர்டுயினோ மின்னணுப் பலகை, வட இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. அதன் வடிவமைப்பை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று வெளிப்படையாக விட்டதால் மலிவான படிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆர்டுயினோவைத் தான் வாங்கப்போவதாக அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது.

2014இல் நிரலாக்கச் சிந்தனையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் 'எதிர்காலத்தை நிரல்படுத்து' என்ற தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2015 அக்டோபரில் தேசிய டிஜிட்டல் பள்ளித் திட்டம் வெளியானது. ஒவ்வொரு பள்ளியிலும் இந்தப் பணியை முன்னெடுக்க ஓர் ஆசிரியரை நியமிக்க அது வழி செய்தது. கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய மீட்பு நிதியிலிருந்து, 'பள்ளி 4.0' என்ற திட்டத்துக்கு 2022இல் 210 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. ஒரு லட்சம் வகுப்பறைகளைப் புதுப்பிப்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2023 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஆண்டுதோறும் பிப்ரவரி 4 முதல் 11 வரை ஸ்டெம் பாடங்களுக்கான தேசிய வாரமாக அறிவித்தது.

பலெர்மோவில் இத்தகைய பணிகளுக்குப் பல்கலைக்கழகத்தோடு, இத்தாலிய தேசிய ஆய்வு மன்றத்தின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளையும் உள்ளது. பலெர்மோஷியென்சா என்ற அறிவியல் அமைப்பு நடத்திவரும் கண்காட்சிகளில், பள்ளி மாணவர்களே தமது சோதனைகளைப் பொதுமக்களுக்கு விளக்குகிறார்கள். கற்பதற்குச் சிறந்த வழி கற்பிப்பதே என்ற கொள்கையின் நேரடிச் செயல் வடிவம் இது.

பதினான்கு வயதில் ஒரு திருப்பம்

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விவகாரம் ஏன் முக்கியமானது என்பதை அறிய, இத்தாலியப் பள்ளி முறையைப் புரிந்துகொள்வது அவசியம். தொடக்கப் பள்ளி ஐந்து ஆண்டுகள். அதன்பின் நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டுகள். நடுநிலைப் பள்ளியின் இறுதி ஆண்டில், அதாவது 13 அல்லது 14 வயதில், பிள்ளை எந்த வகை மேல்நிலைப் பள்ளிக்குச் செல்வது என்பதைக் குடும்பம் தீர்மானிக்க வேண்டும்.

தெரிவுகள் மூன்று. பல்கலைக்கழகப் படிப்புக்கு இட்டுச்செல்லும் லிசேயோ முதலாவது. தொழில்நுட்பப் பள்ளி இரண்டாவது. தொழிற்கல்விப் பள்ளி மூன்றாவது. மூன்றிலும் ஐந்தாண்டு முடித்துத் தேர்வில் தேறியவர் பல்கலைக்கழகத்தில் சேரச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நடைமுறையில் லிசேயோவில் படித்தவர்களே அதிக அளவில் பல்கலைக்கழகம் செல்கிறார்கள்.

குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் லிசேயோக்களில் குறைவாகவும் மற்ற இரு வகைப் பள்ளிகளில் அதிகமாகவும் காணப்படுகிறார்கள் என்பதை இத்தாலியக் கல்வி அமைச்சின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டிவந்துள்ளன. இதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. பெற்றோருக்குப் பள்ளி முறை பற்றிய விவரம் போதாமை, விரைவில் சம்பாதிக்க வேண்டிய தேவை, ஆசிரியர்களின் ஆலோசனையில் உள்ள தயக்கம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

பலெர்மோவில் முதல் தலைமுறைத் தமிழர்களில் பலர் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் துப்புரவுப் பணியிலும் ஈடுபட்டவர்கள். பிள்ளைகளின் கல்விக்காக எதையும் இழக்கத் தயங்காதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். ஆனால் வீட்டில் இத்தாலிய மொழியில் பாடம் சொல்லித்தர அவர்களில் பலரால் இயலாது. இந்த நிலையில் பள்ளியில் பிள்ளை எதைத் தொட்டுப் பார்த்தது, எதில் தன்னால் முடியும் என்று நம்பியது என்பதே தெரிவைத் தீர்மானிக்கும் காரணியாகிவிடுகிறது.

ரோபோ வழிப் பாடங்களுக்கு இங்கே ஒரு தனித்த பயன் உண்டு. மொழியில் பின்தங்கிய மாணவர்கூட இயந்திரத்தை இயக்கிக் காட்டித் தமது திறமையை வெளிப்படுத்த முடியும். ஆனால் அந்த வாய்ப்பு மேல்நிலைப் பள்ளியில் கிடைத்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அது 11க்கும் 13க்கும் இடைப்பட்ட வயதில் கிடைக்க வேண்டும்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. அறிவியல் லிசேயோவில் இலத்தீன் இல்லாமல், கணினியியலுக்குக் கூடுதல் இடம் தரும் பயன்முறை அறிவியல் பிரிவு 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் மூலம் வந்தது. இலத்தீன் பாடத்துக்கு அஞ்சி லிசேயோவைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு இது ஒரு மாற்று வழி.

குடியுரிமையும் ஒரு தடையாகவே நீடிக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தாலியில் பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை 18 வயது வரை இடைவிடாமல் அங்கு வசித்திருந்தால், அதன்பின் ஓராண்டுக்குள் குடியுரிமை கோரலாம். பெற்றோர் முன்னதாகக் குடியுரிமை பெற்றால், அவர்களோடு வாழும் சிறுவர்களுக்கும் அது கிடைக்கும். பெற்றோருக்கான வசிப்புக் காலத்தைப் பத்தாண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கோரி 2025 ஜூனில் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே வாக்களித்தனர். பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததால் அது செல்லாமல் போயிற்று.

பெண் பிள்ளைகளும் கணிதமும்

2022ஆம் ஆண்டின் பீசா சர்வதேசத் தேர்வில், 15 வயது இத்தாலிய மாணவர்களின் கணித மதிப்பெண் வளர்ந்த நாடுகளின் சராசரியை ஒட்டியே இருந்தது. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையே 21 புள்ளி வேறுபாடு காணப்பட்டது. தேர்வில் பங்கேற்ற நாடுகளிலேயே மிகப் பெரிய இடைவெளிகளில் இது ஒன்று.

இந்த இடைவெளி இயற்கையானதா? 2017இல் அமெரிக்காவில் அலிசன் மாஸ்டர் உள்ளிட்ட உளவியலாளர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. ரோபோவை நிரல்படுத்தும் அனுபவம் பெற்ற பெண் பிள்ளைகளிடம், அந்த அனுபவம் இல்லாத பெண் பிள்ளைகளைவிடத் தொழில்நுட்பத்தின் மீதான ஆர்வமும் தன்னம்பிக்கையும் அதிகமாகக் காணப்பட்டன. ஒரே ஒரு முறை விளையாடியதற்கே இந்த விளைவு. அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி.

செயற்கை நுண்ணறிவு: ஈர்ப்பும் எச்சரிக்கையும்

2022 இறுதியில் சாட்ஜிபிடி அறிமுகமான பின் வகுப்பறை விவாதம் வேறு திசையில் திரும்பியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக் காரணங்களுக்காக இத்தாலிய ஆணையம் 2023 மார்ச் இறுதியில் அதற்குத் தடை விதித்தது. மேற்கு நாடுகளில் இத்தகைய நடவடிக்கை அதுவே முதலாவது. நிறுவனம் சில மாற்றங்களைச் செய்ததையடுத்து ஏப்ரல் இறுதியில் சேவை மீண்டது.

2024 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பள்ளிகளைத் தனியே குறிப்பிடுகிறது. மாணவர் சேர்க்கையையும் மதிப்பீட்டையும் தீர்மானிக்கும் மென்பொருள்கள் உயர் ஆபத்துக்குரிய வகையில் வைக்கப்பட்டுள்ளன. மாணவர்களின் உணர்ச்சிகளை முகத்திலிருந்து கணிக்கும் கருவிகளைக் கல்வி நிலையங்களில் பயன்படுத்துவது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்யப்பட்டது. 2025 செப்டம்பரில் இத்தாலி இயற்றிய சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதலை அவசியமாக்கியது.

பயன்படுத்துவது வேறு, புரிந்துகொள்வது வேறு. வீட்டுப்பாடத்தை எழுதித் தரும் கருவி மாணவரைச் சோம்பலாக்கலாம். அந்தக் கருவி எப்படிக் கற்கிறது என்று ஆராய்வது அவரைச் சிந்திக்க வைக்கும். பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் விற்கும் எலுமிச்சையையும் ஆரஞ்சையும் பிரித்தறியக் கணினிக்குப் படங்களைக் காட்டிக் கற்பிக்கலாம். மஞ்சள் எலுமிச்சைகளை மட்டுமே காட்டிவிட்டுப் பச்சை எலுமிச்சையைக் கொடுத்தால் கணினி தடுமாறும். தரப்படும் தரவு குறுகியதாக இருந்தால் முடிவும் குறுகியதாகவே இருக்கும் என்பதை 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது.

தமிழ்ப் பிள்ளைகள் இதே சோதனையைத் தமது மொழியிலும் செய்துபார்க்கலாம். இணையத்தில் குறைவான தரவு உள்ள மொழிகளில் பேச்சறியும் கருவிகள் அதிகம் பிழைவிடுகின்றன. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை இயந்திரம் ஏன் தவறாகப் புரிந்துகொள்கிறது என்று கேட்கும் பிள்ளை, மொழித் தொழில்நுட்பத்தின் மையச் சிக்கலையே கேட்கிறது.

தாயகத்தில் நடப்பது என்ன?

இந்தியாவில் 2016 முதல் அடல் சோதனைக்கூடங்கள் பள்ளிகளில் அமைக்கப்பட்டுவந்துள்ளன. தமிழகத்தில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்காக வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. கேரளம் 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ரோபோவியலைப் பாடமாக்கியது. இலங்கையில் 2024இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் இணைந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் சோதனை முறையில் அறிமுகமானது.

இவற்றில் பெரும்பாலானவை நடுநிலை வயதிலேயே மாணவரை அணுக முயல்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. பலெர்மோவின் அனுபவமும் அதே வயதையே சுட்டுகிறது.

எஞ்சியுள்ள ஐயங்கள்

ரோபோ வழிக் கல்வி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்கள் மட்டுமே நீடித்தவை. புதுமையால் எழும் ஆர்வம் எது, நிலைத்த கற்றல் எது என்பதைப் பிரித்தறிவது கடினம் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

நிறுவனங்களைச் சார்ந்திருப்பது இன்னொரு சிக்கல். லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையை 2022 இறுதியில் நிறுத்தியது. பெப்பரையும் அதற்கு முந்தைய நாவோ ரோபோவையும் உருவாக்கிய பிரெஞ்சு நிறுவனம் அல்டெபரான் 2025இல் நொடித்துப்போய், அதன் சொத்துகள் சீன நிறுவனமொன்றின் கைக்கு மாறின. விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்கும் பள்ளிகள், தயாரிப்பாளர் இல்லாமற்போனால் அவற்றை யார் பராமரிப்பது என்பதையும் முன்கூட்டியே சிந்திக்க வேண்டியுள்ளது. ஆர்டுயினோ போன்ற திறந்த வடிவமைப்புகளுக்கும், 2016இல் பிரிட்டனில் சுமார் பத்து லட்சம் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட் போன்ற மலிவான பலகைகளுக்கும் உள்ள வலிமை இதுவே.

எல்லாவற்றிற்கும் மேலாக ஆசிரியர் இருக்கிறார். மீட்பு நிதியால் வகுப்பறைக்குக் கருவிகள் வந்துசேரும். அவற்றை அலமாரியிலிருந்து வெளியே எடுப்பவர் ஆசிரியர்தான். அவருக்குப் பயிற்சியும் நேரமும் தரப்படாவிட்டால் கருவிகள் அலமாரியிலேயே பழையதாகும்.

ஐரோப்பிய நிதியின் காலம் முடியும்போது, பலெர்மோவின் பள்ளிகள் இந்தப் பாடங்களைத் தமது சொந்த வளங்களைக் கொண்டு தொடர முடியுமா என்பதே இனி எழும் கேள்வி. அதற்கான விடை, அந்நகரின் நடுநிலைப் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, பதினான்கு வயதில் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதில் தெரியவரும்.